தொட்டிலருகே ஒரு குறிப்பேடு

1841ஆம் ஆண்டு லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டன்பிரிட்ஜ் ஊரில் வைத்தியம் பார்த்துவந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். நோயாளி அவர் பெற்ற மகன். ஒரு வயது நிறையப்போகும் குழந்தை. நாலு மாதம் வரை நன்றாக இருந்தவனுக்குத் திடீரென்று தலை முன்னால் கவிழ்கிறது, உடனே நிமிர்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை என்று பத்து, இருபது தடவை அப்படி வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரே நாளில் பலமுறை வருகிறது. அட்டை விட்டுப் பார்த்தார், பேதிக்குக் கொடுத்துப் பார்த்தார், பல் முளைக்கும் ஈறைக் கீறியும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. இப்படி ஒன்றை வேறு யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்கத்தான் அந்தக் கடிதம்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவி வர இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து ஒரு தகப்பன் எழுதிய விவரம் அது. குழந்தைகளுக்கு வரும் அந்த வலிப்பு இன்று ‘வெஸ்ட் சிண்ட்ரோம்’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அதே ஆண்டுகளில் லண்டனில் இன்னொரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் சார்லஸ் டார்வின். தலைமகன் வில்லியம் 1839 டிசம்பர் 27 அன்று பிறந்தான். ஏழாம் நாள் அவன் உள்ளங்காலில் ஒரு காகிதத் துண்டால் தொட்டார். கால் வெடுக்கென்று பின்வாங்கியது, விரல்கள் மடங்கின. ஒன்பதாம் நாள் கண்கள் மெழுகுவத்தியில் நிலைத்தன. நாற்பத்தொன்பதாம் நாள் பளிச்சென்ற நிறத்தில் தொங்கிய குஞ்சம் கவனத்தை இழுத்தது. ஒன்பது மாதம் நிறையும் முன்பே, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பையன் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை நோக்கித் திரும்பினான். இரண்டேகால் வயதில், கோபம் வந்தால் எதிரே இருப்பவர்மேல் புத்தகத்தையும் குச்சியையும் வீசுவதில் கைதேர்ந்துவிட்டான் என்பதும் குறிப்பில் உண்டு. அந்தக் குறிப்பேட்டில் மனைவி எம்மாவின் கையெழுத்தும் கலந்திருக்கிறது. 37 ஆண்டுகள் கழித்து, 1877இல், ‘மைண்ட்’ இதழில் டார்வின் இவற்றைக் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தை உளவியலின் தொடக்ககால ஆவணங்களில் அது ஒன்று.

அதில் ஒரு சின்னக் குறிப்பு இன்றைய பெற்றோருக்கு மிகவும் பொருந்தும். எழுபத்தேழாம் நாள் வில்லியம் பால்புட்டியை வலக்கையால் பிடித்தான். இடக்கையில் வாங்கவைக்க டார்வின் முயன்றும் ஒரு வாரம் வரை நடக்கவில்லை. வலக்கைதான் முந்திக்கொண்டது என்று எழுதிய கையோடு, இந்தப் பிள்ளை பின்னால் இடக்கைக்காரனாகத்தான் வளர்ந்தான் என்றும் பதிந்துவைத்தார். முதலில் தென்படும் அடையாளத்தை வைத்துப் பிள்ளையின் வருங்காலத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

டார்வினின் பத்தாவது குழந்தை சார்லஸ் வாரிங் வேறு விதமாக இருந்தான். வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை, நடையும் பேச்சும் பிந்தின. ஒன்றரை வயதில், 1858 ஜூனில், ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனான். டவுன் சிண்ட்ரோம் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் சில ஆய்வாளர்கள் கருதினார்கள். அவன் நினைவாகத் தகப்பன் எழுதிய பக்கத்தில் நடையும் பேச்சும் பிந்தியதை மறைக்கவில்லை. அவன் எவ்வளவு கூர்ந்து கவனிப்பான், எப்படி மலர்ந்த முகத்தோடு இருப்பான் என்பதையும் விடவில்லை.

“உங்க பாப்பா குப்புற விழுந்துட்டாளா? எங்க வீட்டுல மூணாம் மாசமே விழுந்தான்” என்ற பேச்சில்லாத பிள்ளை வீடு கிடையாது. தலை நின்றது, தவழுகிறது, ‘அம்மா’ என்கிறது என்று பெற்றோர் சொல்லிச் சொல்லி மகிழ்வது இயல்பு. முதல் பல் தெரிந்தால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற வழக்கமே இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் சொன்ன மாதக் கணக்கு அடுத்த வீட்டுத் தாயின் தூக்கத்தைக் கெடுக்கும்போது, அந்தக் கணக்கு எவ்வளவு அகலமானது என்று தெரிந்திருப்பது அவசியம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்றாக வளர்ந்துவந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை நீண்டது. தானாக நடக்கும் வயது 8.2 முதல் 17.6 மாதம் வரை. எட்டு மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடந்த பிள்ளையும் ஒரே ஆரோக்கிய வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்துவிட்ட குழந்தைகள் 4.3 சதவீதம். உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் நடக்கச் சற்றுத் தாமதமாகும், பல குடும்பங்களில் அப்பாவோ அத்தையோ அப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே அதிலிருந்து எடுத்துவிட்டது.

தமிழுக்கு மாதக் கணக்கு புதிதல்ல. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடலாம் என்று பாட்டியல் நூல்கள் வகுத்திருக்கின்றன. கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை தட்டுவது சப்பாணி, தளர்நடை போட்டு வருவது வாரானை. அடுத்து வரும் அம்புலிப் பருவம் அறிவியல் கண்ணுக்கு இன்னும் சுவையானது. தாய் நிலாவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையில் நிலாவைப் பார்க்கிறது. இன்னொருவர் கவனத்தில் பங்குகொள்ளும் இந்தத் திறனிலிருந்துதான் மொழி கிளைக்கிறது. ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனையாக 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படும் எம்-சாட் வினாத்தாளில் முதல் கேள்வியே இதுதான்: அறையின் அந்தப் பக்கம் எதையாவது நீங்கள் சுட்டினால் உங்கள் குழந்தை அதைப் பார்க்கிறதா?

நடையை எடுத்துக்கொண்டால், அது வயதால் மட்டும் வருவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைத் தம் போக்கில் விளையாடவிட்டு எண்ணினார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடிகள், 17 விழுதல்கள். விழுந்த வேகத்தில் எழுந்து மறுபடி நடந்தார்கள். இத்தனை பயிற்சிக்கு இடம் கிடைக்கிறதா என்பது வீட்டையும் ஊரையும் பொறுத்தது. கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தையை உட்காரவைத்தும் நடக்கவைத்தும் பழக்குவதால் அங்கே அவை இரண்டும் முந்துகின்றன. பழக்காத தவழ்தல் முந்துவதில்லை. பராகுவேயின் அடர்காட்டில் வாழ்ந்த ஆச்சே மக்களிடம் பிள்ளையைக் கீழே விடுவதே ஆபத்து என்பதால் குழந்தைகள் இரண்டு வயதுவாக்கில்தான் நடந்தார்கள். வளர்ந்தபின் அதே பிள்ளைகள் உயரமான மரங்களில் ஏறினார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 222 பேரைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்த ஆய்வு, சீக்கிரம் நடந்ததற்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை என்றே கண்டது. ஆகவே சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்து அவசரப்படுத்துவதில் பயனில்லை. படியிலிருந்து உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது.

பேச்சில் இடைவெளி இன்னும் அகலம். அமெரிக்காவில் 1,800க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் சொற்பட்டியலைக் கொடுத்து, பிள்ளை சொல்கிற சொற்களைக் குறிக்கச் சொன்னார்கள்; 1994இல் முடிவு வந்தது. இரண்டு வயதில் சராசரி முந்நூறு சொல். ஆனால் பத்தில் ஒரு குழந்தை அறுபதைக்கூட எட்டவில்லை, பத்தில் ஒன்று ஐந்நூறைத் தாண்டியிருந்தது. ஆய்வகத்தில் அரைமணி நேரம் பார்க்கிற நிபுணரைவிட நாளெல்லாம் கூட இருக்கிற தாய் நன்றாக அறிவாள் என்ற நம்பிக்கையில் உருவான முறை அது. இன்று பல மொழிகளில் அது புழங்குகிறது.

சரி, அகலம் பெரிது என்றால் எல்லாவற்றையும் விட்டுப்பிடிக்கலாமா? கூடாது. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்”, “இவங்க அப்பாவே மூணு வயசுலதான் வாயத் திறந்தான்” என்று பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வது பாசத்தால்தான். அந்தப் பாசத்திலேயே சில குழந்தைகளின் பொன்னான மாதங்கள் கரைந்துபோகின்றன. பெற்றோரின் கவலையை நேரடியாகக் கேட்டு, அதை முறையாக வகைப்படுத்தினால் அது நல்ல பரிசோதனைக் கருவிகளுக்கு நிகராக வேலை செய்யும் என்பதை அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளாஸ்கோ 1990களில் நிறுவினார். பத்தே கேள்விகள் கொண்ட அவருடைய முறை, உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா என்றுதான் தொடங்குகிறது.

மருத்துவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லும் அடையாளங்கள் சில உண்டு. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கையசைத்தல், சுட்டுதல் போன்ற சைகையோ இல்லாதது. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராதது. பதினெட்டு மாதத்தில் தனியாக நடக்காதது. இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது. முதல் வயது முடியும் முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறுகையை ஒதுக்குவதும் பார்க்க வேண்டியது; ஒதுக்கும் கையில் பலவீனம் இருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏற்கெனவே வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோவது. அது எந்த வயதில் நடந்தாலும் உடனே காட்ட வேண்டும். குறைப்பிரசவக் குழந்தை என்றால் மட்டும் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்: இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை பதினான்காம் மாதம் செய்வதை, பன்னிரண்டாம் மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு பொருந்தும்.

வெஸ்ட் தம் மகனிடம் பார்த்த வலிப்பு இன்றும் முதலில் ஏமாற்றும். தூங்கி எழுந்தவுடன் அடுத்தடுத்து வரும் அந்தத் தலைச்சாய்வை வயிற்றுவலி என்றோ தூக்கிவாரிப்போடுவது என்றோ நினைத்துவிடுவார்கள். மருத்துவரின் அறைக்குள் போனதும் குழந்தை அமைதியாகிவிடும். வீட்டில் செல்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ அங்கே பெரும் உதவி. சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் மூளை வளர்ச்சிக்கு நேரும் பாதிப்பைக் குறைக்க வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் இதற்கான எளிய கருவி திருவனந்தபுரத்தில் உருவானது. குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் தயாரித்த அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் பதினேழே செயல்கள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்தி வைத்தால் போதும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிடும் செயல் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து வளர்ச்சித் தாமதத்தையும் சோதிக்கின்றன. தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கலாம்.

பேச்சு பிந்தினால் முதலில் பார்ப்பது காது. பிறவியிலேயே கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலி எழுப்பும். அதனால் வீட்டில் சந்தேகமே வராது. காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்பிச் செய்யும் சோதனையைப் பிறந்த சில நாளிலேயே, குழந்தை தூங்கும்போதே முடித்துவிடலாம். கேட்கும் கருவியும் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் எவ்வளவு சிறு வயதில் கிடைக்கிறதோ அவ்வளவு தெளிவாகப் பேச்சு வரும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவை சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்கிறது.