மின்தடையும் வீட்டுப் பாட்டரியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள பேரிகைப் பகுதி மக்கள் மின்தடைக்குப் புதியவர்கள் அல்லர். 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தின் பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. அந்நிலை இன்று இல்லை. எனினும் இடி மழையாலும் பராமரிப்புப் பணியாலும் சில மணி நேரம் விளக்கு அணைவதுண்டு. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்க இன்வெர்ட்டர் வாங்கப் பலர் விரும்புகின்றனர். தக்காளி விற்ற பணத்தை அதில் இடுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம்.

பாட்டரி கிணற்றைப் போன்றது. இன்வெர்ட்டர் ஏற்றத்தைப் போன்றது. ஏற்றம் பெரிதாயினும் கிணற்றில் நீரில்லையேல் பாய்ச்சல் நடவாது. ஒரே சமயத்தில் எத்தனை சாதனங்கள் இயங்கும் என்பதை இன்வெர்ட்டரும், எவ்வளவு நேரம் இயங்கும் என்பதைப் பாட்டரியும் நிர்ணயிக்கின்றன.

ஒரு வீட்டில் 10 வாட் விளக்குகள் நான்கும், 70 வாட் மின்விசிறிகள் இரண்டும் நான்கு மணி நேரம் இயங்க வேண்டும் என்று கொள்வோம். மொத்தம் 180 வாட். நான்கு மணிக்கு 720 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் 900 வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 1800 வாட்-மணி கொண்ட பாட்டரி தேவை. இதனை 12 வோல்ட்டால் வகுத்தால் 150 ஆம்பியர்-மணி வரும். இதற்கு 600 வோல்ட்-ஆம்பியர் இன்வெர்ட்டர் போதும்.

விசிறிகளை 35 வாட் வகைக்கு மாற்றினால், அதே பாட்டரி ஆறரை மணி நேரம் உழைக்கும். பெரிய பாட்டரி வாங்குவதினும் இது சிக்கனம். ஆனால் 5 குதிரைச் சக்தி பம்பு செட்டுக்கு ஏறத்தாழ 3,730 வாட் வேண்டும். அதனை இவ்வீட்டு இன்வெர்ட்டர் இயக்காது.

பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையன்றிக் கிணற்று நீரை ஊற்றலாகாது. காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் அதனை வைத்தல் வேண்டும். இணைப்பைத் தேர்ந்த மின் பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். தவறான இணைப்பால் வீட்டு மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பினால், கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இக்கணக்கைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாயின், ஏழைக் குடும்பங்களின் பணம் வீணாகாது, விளக்கும் அணையாது.