கோட்டைகளும் கட்டளைகளும்: ஆட்டையாம்பட்டிச் சமவெளி தரும் போர்ப் பாடம்

சேலத்திற்குத் தெற்கே, இன்று கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டியை நடுவாகக் கொண்டு நோக்கினால், நாற்றிசையிலும் கோட்டைகள் நின்றதைக் காணலாம். வடக்கே சேலம், கிழக்கே ஆத்தூர், தெற்கே நாமக்கல், மேற்கே சங்ககிரி. பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கோட்டைகளைக் கைக்கொண்டவர்களே இச்சமவெளியின் தானியத்தையும் வரியையும் கைக்கொண்டனர். படையில் முடிவெடுக்கும் அதிகாரம் தலைமையிடத்தில் குவிந்திருக்க வேண்டுமா, களத்தில் நிற்கும் சிறு பிரிவின் தலைவனிடமும் இருக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு, 1768இல் இங்கு நடந்தவை தெளிவான விடை தருகின்றன.

முதலாம் மைசூர்ப் போரின்போது, 1768இல் கும்பினியின் கர்னல் வுட் சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, தாராபுரம், கோயம்புத்தூர் முதலிய இடங்களை விரைந்து கைப்பற்றினார். பின்னர் தம் படையைக் கூறுபோட்டுக் கோட்டைதோறும் சிறு காவற்படைகளை நிறுத்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது பரவலாக்கமாகத் தோன்றும். உண்மையில் பரவியது படையே, அதிகாரமன்று. வடக்கே முதன்மைப் படையை நடத்திய கர்னல் ஜோசப் ஸ்மித்துடன், சென்னை ஆட்சிக்குழு தன் உறுப்பினர் இருவரைக் களப் பிரதிநிதிகளாக அனுப்பி, அவருடைய செயல்களை மேற்பார்வை செய்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியும் உடன் சென்றார். களத்தை அறிந்தவரிடம் முடிவு இல்லை. முடிவெடுத்தவர்களுக்குக் களம் தெரியவில்லை. தனித்து நின்ற காவற்படைகளுக்கோ, ஒன்றுக்கொன்று உதவும் ஏற்பாடும் இல்லை. தொடர்பைக் காக்கும் குதிரைப்படையும் போதவில்லை.

ஹைதர் அலி இதனைப் புரிந்துகொண்டார். அவருடைய தளபதி ஃபஸ்லுல்லாஹ் கான் 1768 நவம்பரில் மைசூரிலிருந்து கணவாய்கள் வழியே ஒரு தனிப்படையுடன் இறங்கினார். டிசம்பரில் ஹைதரே வேறொரு வழியாகச் சமவெளிக்கு வந்தார். இரு படைகளும் வழியால் வேறுபட்டன; நோக்கத்தால் ஒன்றுபட்டன. தனித்தனியே நின்ற கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1769 மார்ச் மாத இறுதியில், ஏறத்தாழ ஆறாயிரம் குதிரை வீரர்களுடன் 130 மைல் தொலைவை மூன்றரை நாளில் கடந்து ஹைதர் சென்னையின் வாயிலில் நின்றார். ஏப்ரலில் கும்பினி உடன்படிக்கைக்கு இணங்கியது.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். சிறு பிரிவுகளைச் சிதறவிடுவது வேறு. அவற்றின் தலைவர்களுக்கு நோக்கத்தை உணர்த்தி வழியை அவர்களிடம் விடுவது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யத் தளபதி மோல்ட்கே வளர்த்தெடுத்த படைநெறி இதுவே. நம் வாசகர்களுக்கு இதனினும் பழைய சான்று ஒன்று நன்கு தெரியும். பனூ குறைளாவினரின் பகுதியை அடைந்த பின்னரே அஸர் தொழ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, வழியிலேயே நேரம் வந்துவிட்டது. விரைவதே கட்டளையின் நோக்கம் எனக் கருதிச் சிலர் வழியில் தொழுதனர். சொல்லை அப்படியே கொண்டு சிலர் காத்திருந்தனர். இரு சாராரையும் நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை.

ஆயினும் ஹைதரின் வலிமை பெரிதும் அவருடைய தனியாளுமையைச் சார்ந்திருந்தது. ஆள் மறைந்தாலும் முறை நிலைக்க வேண்டும் என்பதைத் திப்பு சுல்தான் உணர்ந்தார். அவருடைய ஆணையின்பேரில் ஸைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி பாரசீகத்தில் தொகுத்த ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ படையொழுங்கை எழுத்தில் வகுத்தது. ‘குஷூன்’ என்னும் பெரும்பிரிவுக்குச் சிபாஹ்தார் தலைவர். அதன் உட்பிரிவுகளுக்கு ஜவுக்தார் ஈறாகத் தனித்தனித் தலைவர்கள். ராக்கெட் வீரர்களும் குஷூன்தோறும் இணைக்கப்பட்டனர். தன் படைக்கலத்தைத் தன்னிடமே கொண்ட பிரிவு, மேலிடத்தை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவையனைத்தும் தோல்வியைத் தடுத்துவிடவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினி வசமாயின. படை ஒழுங்கு மட்டுமே போரை வெல்வதில்லை. எதிரிகளின் கூட்டணியும் பொருள்வலிமையும் அதனினும் பெரியவையாக அமைந்துவிடலாம். எனினும் 1768இன் பாடம் மாறவில்லை. பொறுப்பைக் கீழே இறக்கிவிட்டு அதிகாரத்தை மேலேயே வைத்துக்கொள்ளும் எந்த அமைப்பும், அது படையாயினும் நம் பொதுநிறுவனமாயினும், நாமக்கல் மலைமேல் தனித்து நின்ற அக்காவற்படையின் நிலையையே அடையும்.