இணையத்தளத் தொழில் கற்போர்

1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரருகே உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில், டிம் பேர்னர்ஸ் லீ என்பார் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்ததே இன்றைய உலகளாவிய வலை. அவர் வகுத்த எச்.டி.எம்.எல். இணையப் பக்கத்தின் எலும்புக்கூடு, சி.எஸ்.எஸ். அதன் உடை, ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு இயக்கந் தருவது. இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே கற்றல் நன்று. ஆயினும், முதலிரண்டையும் விட்டு மூன்றாவதற்குத் தாவுவோர் பலர். 1995இல் பிரெண்டன் ஐக் அம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் ஆக்கினார் என்பர். பத்து நாளிற் கற்றுவிடலாமென்பது அதன் பொருளன்று.

இவற்றினும் அரிய திறன் பிழை காண்பதாகும். கடைக்காரர் ஒருவருக்கு அமைத்த பக்கத்தில், தமிழ் விலைப்பட்டியல் முழுவதும் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்து தோன்றுகிறது எனக் கொள்வோம். பிறர் எழுதியதையோ, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததையோ படியெடுத்தே பழகியவர் பக்கம் முழுவதையும் அழித்து மீண்டும் தொடங்குவார், கூலியையும் இழப்பார். அடிப்படை அறிந்தவரோ, கோப்பு யு.டி.எஃப்.-8 முறையிற் சேமிக்கப்பட்டுள்ளதா, அம்முறை பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவிக்கப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்ப்பார். பெரும்பாலும் விடுபட்டிருப்பது அவ்வொரு வரியே. திருத்துமுன் பழைய வடிவத்தைக் காத்து வைப்பதற்கு, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் கருவியையும் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளல் வேண்டும்.