மூச்சை நிறுத்தும் மருந்து

பூந்தமல்லிப் பகுதியிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளைச் சந்திக்கச் சென்றிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்க்கு மறுநாள் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கிறான். நோயில் பூசுதல் அளித்து முடித்ததும் அவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அம்மாள் தணிந்த குரலில் கேட்டார்: "சாமி, கத்திக்கு நான் பயப்படவில்லை. ஊசி போட்டு மூச்சையே நிறுத்திவிடுகிறார்களாமே, அது உண்மையா?"

உண்மைதான். அதை மறைத்து ஆறுதல் கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மயக்க மருந்து வேறு. தசை தளர்த்தும் மருந்து வேறு. முன்னது நினைவை உறங்கச் செய்கிறது. பின்னது நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை இடைமறிக்கிறது. வயிற்றுத் தசைகள் விறைத்திருந்தால் மருத்துவரால் உள்ளே வேலை செய்ய இயலாது. தொண்டைத் தசைகள் இறுகியிருந்தால் மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்துவது கடினம். எனவேதான் இந்த ஊசி. ஆயின் மூச்சை இழுப்பவையும் தசைகளே அன்றோ! அவையும் ஓய்ந்துவிடும். இருதயம் மட்டும் தன் வேலையைத் தொடரும். அந்நேரத்தில் நோயாளிக்காக மூச்சு விடுபவர், தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் மருத்துவர். அறுத்தவரின் பெயரை ஊரெல்லாம் சொல்கிறோம்; இவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டு வைக்கிறோம்?

இம்மருந்துகளின் மூதாதை ஒரு நஞ்சு. தென் அமெரிக்கக் காடுகளில் வேடர்கள் அம்பு நுனியில் தடவிய 'குராரே' அது. ஓரினோகோ நதிக்கரையில் மறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குரு ஹோசே குமிலா, 1741இல் வெளியான தம் நூலில் அதனை விவரித்துள்ளார். 1942 ஜனவரியில் கனடாவின் மொன்றியால் நகரில் மருத்துவர்கள் ஹரால்டு கிரிபித்தும் ஈனிட் ஜான்சனும் அதை அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்திக் காட்டினர். 1950களின் தொடக்கத்தில் 'சக்சினைல்கோலின்' என்னும் செயற்கை மருந்து வழக்கத்திற்கு வந்தது. நம் மருத்துவமனைகளில் இதை 'ஸ்கோலின்' என்பார்கள். ஒரு நிமிடத்திற்குள் வேலை செய்யும்; பெரும்பாலோருக்குப் பத்து நிமிடங்களுக்குள் தெளிந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தத் தாயின் முகம் தெளியவில்லை. மெல்ல விசாரித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணனுக்கு வேறோர் ஊரில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்ததாம். அது முடிந்தும் பல மணி நேரம் அவர் கை அசையவில்லை, மூச்சு திரும்பவில்லை. இரவு முழுவதும் கருவியின் துணையால் பிழைத்திருந்தார். 'மயக்கம் சற்று அதிகமாகிவிட்டது' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரவில்லை. இந்தச் செய்தியை இங்கே சொன்னால் சிகிச்சை செய்ய மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, இவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனெனில், ஸ்கோலினைச் சிதைத்து அகற்றுவது, கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் கலந்திருக்கும் ஒரு நொதி. சில குடும்பங்களில் அந்நொதி பிறவியிலேயே குறைந்தோ, முற்றிலும் இல்லாமலோ இருக்கும். அவர்கள் மற்றெல்லா வகையிலும் நலமாகவே வாழ்வார்கள். அந்த ஊசி போடும் நாள் வரை எவருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் தெளியவேண்டியது மணிக்கணக்கில் நீளும். முன்கூட்டி அறிந்த மருத்துவர் வேறு மருந்தைக் கையாள்வார். அறியாதவரோ, உடல் அசையாமல் கிடப்பவருக்கு உள்ளே நினைவு திரும்பிவிட்டது என்பதையும் கவனிக்கத் தவறலாம். அந்தக் கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

இது எங்கோ மேல்நாட்டில் காணும் அரிய குறை அன்று. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நகரில் வாழும் வைசிய சமூகத்தாரிடையே இதனை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். ஐரோப்பியரில் இலட்சத்தில் ஒருவருக்கே நொதி அறவே இல்லாத நிலை காணப்பட, இவர்களிடையே ஏறத்தாழ 24 பேரில் ஒருவருக்கு அந்நிலை இருந்ததாம். தந்தை, தாய் இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் அது எளிதாகிறது. இதைப் படித்து அடுத்த சமூகத்தாரைப் பற்றிப் பேச நமக்கு இடமில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணம் முடிக்க, ஆயரிடம் விலக்குக் கோரும் மனுவை எழுதித் தரும்படி என் அறைக்கு வருவோரை நான் அறிவேன். இந்தத் தாயும் அவ்வாறு சொந்தத்தில் மணந்த பெற்றோரின் மகள்தான்.

"அம்மா, இதை இப்போதே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்" என்றேன். தயங்கினார். நானே செவிலியரிடம் சொல்லி மயக்கவியல் மருத்துவரை வரவழைத்தேன். இளவயதுப் பெண் மருத்துவர்; சினக்கவில்லை, கட்டிலருகே அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் ஸ்கோலினைத் தவிர்த்து, அட்ராகூரியம் என்னும் மருந்தைத் தேர்ந்துகொண்டார். அது சிதைவதற்கு அந்நொதி தேவையில்லை. மறுநாள் மாலை அந்தத் தாய் கண் விழித்து, மகனிடம் காப்பி கேட்டாராம்.

சோதனையில் நொதி மிகக் குறைவு என்றே வந்தது. இம்முறை மருத்துவர் சீட்டு எழுதித் தந்திருக்கிறார். அது இப்போது அந்த அம்மாளின் செபப் புத்தகத்திற்குள் இருக்கிறது. அதன் படி ஒன்று அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மகனையும் இரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவனுக்கு இரவுப் பணியாம், நேரமில்லையாம். வரும் ஞாயிறு பூசைக்குப் பின் அவனைப் பிடித்துக் கேட்கவிருக்கிறேன்.