யாருக்குச் சொந்தம் ஹாஜி மலங் மலை?

தேவ்நார் (மும்பை): தேவ்நாரில் மலை என்றால் 1927 முதல் மாநகரின் கழிவுகள் குவிந்துவரும் குப்பை மேடுதான் நினைவுக்கு வரும். மெய்யான மலையை நாடும் பக்தர்கள், அருகிலுள்ள கோவண்டியில் புறநகர் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறிக் கல்யாண் செல்கின்றனர். அங்கிருந்து பேருந்தில் அடிவாரம் சேர்ந்தால், எதிரே நிமிர்ந்து நிற்கிறது ஹாஜி மலங் தர்கா அமைந்துள்ள மலங்கட் மலை.

ஏற்றம் கடினமானது. படிகளின் இருமருங்கிலும் தேநீர்க் கடைகள். மலரும் சாதரும் விற்கும் கடைகள். நடக்க இயலாதோரை டோலியில் சுமந்து செல்வர். பழநியில் உள்ளதைப் போன்ற இழுவை ரயில் அமைக்கும் திட்டம் இங்கே பல்லாண்டுகள் இழுபட்டது. தர்கா இருப்பது உச்சியில் அன்று, இடையிலுள்ள சமதளத்தில். அதற்கும் மேலே, 1780-ல் ஆங்கிலேயர் தாக்கிய கோட்டையின் இடிபாடுகள்.

12-ம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து வந்த ஹாஜி அப்துல் ரஹ்மான் என்ற சூஃபி ஞானி இங்கு அடங்கினார் என்பது மரபு. வியப்புக்குரியது நிர்வாகம்தான். கல்யாணைச் சேர்ந்த கேத்கர் என்னும் பிராமணக் குடும்பம் பரம்பரை அறங்காவலராக இருந்து வருகிறது. மராட்டியர் காலத்தில் காசிநாத் பந்த் கேத்கர் இச்சமாதியைப் புதுப்பித்தார் என்கின்றனர். பிராமணரின் நிர்வாகத்தை உள்ளூர் முஸ்லிம்கள் எதிர்த்தபோது, ஞானியின் விருப்பத்தையே அறிய 1817-ல் திருவுளச் சீட்டுப் போடப்பட்டதாம். மூன்று முறையும் கேத்கர் தரப்புக்கே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது.

சீட்டு தீர்த்ததைச் சட்டமும் பின்னர் ஆராய்ந்தது. இந்து, முஸ்லிம் ஆகிய இரு சமயச் சட்டங்களுள் எதற்கும் உட்படாத கூட்டுத் தலம் இது. தனக்கே உரிய வழக்காறுகளும் அறக்கட்டளைகளுக்கான பொதுச் சட்டமுமே இதற்குப் பொருந்தும் என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால், அரசியல் அத்துடன் ஓயவில்லை. இது நாத சம்பிரதாயத்து மச்சேந்திரநாதரின் சமாதி என்று கூறி, 1980-களில் தாணே சிவசேனைத் தலைவர் ஆனந்த் திகே கிளர்ச்சியைத் தொடங்கினார். மாக பௌர்ணமி தோறும் பதற்றம் வழக்கமாயிற்று. 1996-ல் அவர் பெருங்கூட்டத்துடன் மலையேறிப் பூஜை நடத்தினார். அன்றைய முதல்வர் மனோகர் ஜோஷியும் கலந்துகொண்டார். திகேயின் சீடரான ஏக்நாத் ஷிண்டே, முதல்வராயிருந்த 2024 ஜனவரியில், மலங்கட்டை விடுவிக்கும் வரை ஓயப்போவதில்லை என்று அறிவித்தார். பிராமணக் குடும்பம் அறங்காவலராயுள்ள தலத்தை யாரிடமிருந்து விடுவிப்பது என்பது மட்டும் விளங்கவில்லை.

மச்சேந்திரநாதரையே தமிழ்ச் சித்தர் மரபின் மச்சமுனி என்பாரும் உளர். அந்த மச்சமுனியோடு தொடர்புபடுத்தப்படும் திருப்பரங்குன்றத்திலும் முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் ஒரே மலையில் உள்ளன. 2025 பிப்ரவரியில் அங்கே தடையுத்தரவு போடும் நிலை வந்தது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. திருப்பரங்குன்றத்தில் எது கோயிலுடையது, எது தர்காவுடையது என 1931-ல் பிரிவி கவுன்சில் எல்லை வகுத்தது. மலங்கட்டிலோ பிரிப்பதற்கு எல்லையே இல்லை; ஒரே சமாதி, ஒரே நிர்வாகம், இரு சமயத்துப் பக்தர்கள்.

வழிபாட்டுத் தலங்கள் 1947 ஆகஸ்ட் 15 அன்றிருந்த சமயத் தன்மையிலேயே நீடிக்க வேண்டும் என்கிறது 1991-ம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தை எதிர்த்த மனுக்களை விசாரித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்யக் கூடாது என 2024 டிசம்பர் 12-ல் இடைக்காலத் தடை விதித்தது. மலங்கட்டைப் பொறுத்தவரை, அதன் தன்மை என்ன என்பதற்கு 1954 தீர்ப்பைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.