குளமும் கணிப்பொறியும்

கணிப்பொறி கூறுவது பிழையாகாது என்னும் எண்ணம் நம்மிடையே எளிதில் வேரூன்றிவிடுகிறது. அச்சில் வந்த எண்ணுக்கு நாம் காட்டும் மரியாதை அத்தகையது. ஆயினும், அறிவியல் வகுப்பில் கணிப்பொறி மாதிரியைக் கையாளும் மாணவர்க்கு முதற்கண் கைவர வேண்டியது அதனை ஐயுறும் பழக்கமேயாகும்.

மாதிரி என்பது யாது? இயற்கையின் ஒரு கூற்றைப் பற்றி நாம் கொண்ட கருத்தை எண்ணாகவும் விதியாகவும் எழுதி வைப்பதே அது. நொய்யலாற்று நீரைப் பெறும் கோவைக் குளங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேற்றிருந்த நீருடன் இன்று பெய்த மழையைக் கூட்ட வேண்டும். ஆவியானதையும், நிலத்துள் கசிந்ததையும், கலிங்கு வழியே வழிந்ததையும் கழிக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு, நகரின் மழையளவை உள்ளிட்டால், நாள்தோறும் நீர்மட்டம் எவ்வளவு இருக்கும் என்பதைக் கணிப்பொறி நொடியில் தந்துவிடும்.

இனித்தான் வேலை தொடங்குகிறது. கரையில் நட்ட அளவுகோலை வாரந்தோறும் பார்த்துக் குறித்த மட்டத்தைக் கணக்கின் அருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஆடி மாதத்தில் குளம் நிரம்பியிருக்கும். மாதிரியோ குளம் வற்றுகிறது என்னும். காரணம் என்ன? கோவை மழைமறைவு நிலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைகளில் கொட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்காற்றாக நகருக்குள் வருகிறது. நகரில் தூறலோடு நின்ற நாளிலும் வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழையால் நொய்யல் பெருகும். அந்நீர் வாய்க்கால் வழியே குளத்தை அடையும். ஆகவே மலைமழை, வாய்க்கால் வரத்து என இரண்டைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதே காற்று நீரை விரைந்து ஆவியாக்குவதால், ஆண்டு முழுமைக்கும் ஒரே மதிப்பு என்பதும் நில்லாது.

கோடையில் மறுதலையான முரண் தோன்றும். கணக்கின்படி வற்றியிருக்க வேண்டிய குளம் வற்றாது. உக்கடம், சிங்காநல்லூர்க் குளங்களை அறிந்தோர்க்கு இதன் விடை தெரியும்: நகரின் கழிவுநீர். மாதிரி பிழைபட்டிராவிடில், கணக்கில் வராத இவ்வரவை மாணவர் தேடியே இரார்.

ஈண்டு ஒரு சபலம் உண்டு. கசிவின் மதிப்பைச் சற்றே கூட்டியும் குறைத்தும் எந்த மாதிரியையும் உண்மையோடு பொருந்தச் செய்துவிடலாம். காரணம் மட்டும் விளங்காது. நாமும் மாணவராயிருந்த நாளில், ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 வரும்வரை அலைவு நேரத்தைத் 'திருத்தி'ப் பதிவேட்டில் எழுதியவர்களே! பொருத்திப் பார்த்த ஆண்டின் அளவுகளைக் கொண்டே மாதிரியைச் சோதிப்பதும் ஏறக்குறைய அத்தகையதே. ஓராண்டின் அளவுகளைக் கொண்டு திருத்திய மாதிரியை, அது கண்டிராத மற்றோராண்டின் அளவுகளோடு மோதவிட வேண்டும். அங்குத் தவறினால் மீண்டும் திருத்தம். எதை, என்று, எக்காரணத்தால் மாற்றினோம் என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும்; விடைக்கு மட்டுமன்றி இக்குறிப்புக்கும் ஆசிரியர் மதிப்பெண் அளிப்பாராயின், பொய்யளவு எழுதும் தேவையே மாணவர்க்கு எழாது.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர், கணிப்பொறி தோன்றுமுன்னரே, 1910 மே 20-ஆம் நாளுக்குரிய வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது; உண்மையில் அழுத்தம் ஏறத்தாழ மாறவேயில்லை. அவர் அதை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் அந்த விடையை அப்படியே அச்சிட்டார். அவருடைய சமன்பாடுகளைவிடத் தொடக்கத்தில் உள்ளிட்ட காற்றளவுகளில் இருந்த சமனின்மையே பிழைக்குக் காரணம் என்பதைப் பின்வந்தோர் கண்டறிய முடிந்தது, அவர் தம் கணக்கு முழுவதையும் எழுதி வைத்திருந்தமையால்தான்.