சிரிக்க வைக்கும் குடி, சிந்திக்க வைக்கும் பத்திரிகை

சினிமாவில் பத்திரிகை நிருபர் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரண்டு உருவங்கள்தான். ஒருவர், தோளில் கேமராவோடு அநியாயத்தைத் தட்டிக் கேட்பவர். மற்றவர், அரசியல்வாதியின் பின்னால் குறிப்பேட்டோடு ஓடி அடி வாங்குபவர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட படத்தின் நிருபர்கள் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள். காலையில் கண் விழித்ததும் இவர்கள் தேடுவது பேனாவை அல்ல, புட்டியை!

படத்தின் பெயர் ‘தி ரம் டைரி’. 2011-இல் வெளிவந்த ஹாலிவுட் படம். புரூஸ் ராபின்சன் இயக்க, ஜானி டெப் நடித்தார். அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் தாம்சன் இளம் வயதில் எழுதி, 1998-இல்தான் நூலாக வெளிவந்த நாவலே இதன் மூலக்கதை. 2005-இல் மறைந்த தாம்சனால் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும் படமல்ல.

கதை நடக்கும் ஆண்டு 1960. இடம், கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு. கரும்பும் ரம்மும் அந்த மண்ணின் அடையாளங்கள். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பெற்ற தீவு இது. 1917 முதல் அங்குள்ள மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இன்றுவரை இல்லை. வரிச் சலுகையைக் காட்டி, அமெரிக்க முதலீட்டை அரசாங்கம் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டல்கள் எழுந்தன, சுற்றுப்பயணிகள் வந்தார்கள்.

தலைநகர் சான் ஹுவானில் இயங்கும் ஓர் ஆங்கில நாளேட்டுக்கு வேலை தேடி வருகிறார் பால் கெம்ப். அவருக்குக் கிடைக்கும் பணி என்ன தெரியுமா? ராசிபலன் எழுதுவது! உடன் இருக்கும் புகைப்படக்காரர் சாலா ஓயாமல் குடிப்பவர். மோபர்க் என்ற நிருபரோ அதற்கும் மேலே போய், வீட்டிலேயே சரக்குக் காய்ச்சுபவர். இவர்கள் அடிக்கும் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

ஆனால் நேயர்களே, சிரிப்புக்கு நடுவே ஒருவரைக் கவனிக்க வேண்டும். அவர் பெயர் சாண்டர்சன். தடுமாறாத நடை, வெள்ளை வெளேர் உடை, கடற்கரை மாளிகை. நில வியாபாரத்தில் கொழுத்தவர். கடற்படை பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஒரு தீவை வளைத்துப்போட்டு, ஓட்டல் கட்டத் திட்டமிடுகிறார். அந்தத் திட்டத்தை மக்கள் ஏற்கும்படி நல்ல விதமாக எழுத ஒரு பேனா தேவைப்படுகிறது. கெம்பை விருந்துக்கு அழைக்கிறார், உபசரிக்கிறார். போலீஸாருடன் மோதி கெம்பும் சாலாவும் கைதானபோது, ஜாமீன் பணம் கட்டி மீட்பதும் அவர்தான். பின்னர் உறவு கசந்ததும் முதல் வேலையாக அந்த ஜாமீனைத் திரும்பப் பெறுகிறார்!

ஒரு நிருபரை விலைக்கு வாங்கும் விதம் இதுதான். யாரும் பணக்கட்டை நேரே நீட்டுவதில்லை. முதலில் நட்பு வருகிறது, அடுத்து உதவி, அதற்குப் பிறகு நன்றிக்கடன். கடைசியில்தான் ‘ஒரு சின்ன கட்டுரை’ என்ற கோரிக்கை வருகிறது. குடிகாரர்கள் தங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குடிபோதையே இல்லாத சாண்டர்சனோ ஒரு பத்திரிகையின் நாக்கைக் கட்டப் பார்க்கிறார். இருவரில் யார் ஆபத்தானவர்?

ஆசிரியர் லாட்டர்மேனின் நிலையும் பரிதாபமானது. நலிந்த நாளேட்டை எப்படியாவது ஓட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு. சுற்றுப்பயணியையும் விளம்பரதாரரையும் முகம் சுளிக்க வைக்கும் செய்தி வேண்டாம் என்கிறார். தீவு மக்களின் வறுமையைப் பற்றி கெம்ப் எழுத நினைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத வேண்டியதை எழுத முடியாத இடத்தில், மாலையானால் புட்டியைத் திறப்பதைத் தவிர நிருபருக்கு வேறென்ன மிஞ்சும்? குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் படம் சரியாகவே காட்டுகிறது.

நாளேடு மூடப்படுகிறது. கடைசியாக ஓர் இதழை அச்சிட்டு உண்மையைச் சொல்ல நிருபர்கள் துடிக்கிறார்கள். அதற்குள் அச்சு இயந்திரம் போய்விடுகிறது.

இது கதை. வரலாறு என்ன சொல்கிறது? படத்தில் வரும் நாளேட்டுக்கு ‘சான் ஹுவான் ஸ்டார்’ என்று பெயர். அதே பெயரில் உண்மையான நாளேடு ஒன்று அங்கே 1959-இல் தொடங்கப்பட்டது. தாம்சன் அதில் வேலை கேட்டு, மறுக்கப்பட்டவர்! அவரை மறுத்த வில்லியம் கென்னடி பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராகி, தாம்சனுக்கு நண்பரும் ஆனார்.

1960-இல், அதாவது படம் காட்டும் அதே ஆண்டில், தீவில் ஆளுநர் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சிக்கு வாக்களிக்கக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் அறிவித்தார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களாக இருந்த தீவு அது. அங்கே அந்தத் தலையீட்டை எதிர்த்துத் தலையங்கங்கள் எழுதினார் அந்த ஏட்டின் ஆசிரியர் வில்லியம் டோர்வில்லியர். அவற்றுக்காக 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றார். படத்தில் 1960-லேயே மூடப்படும் ஏடு, உண்மையில் 2008 வரை வாழ்ந்தது.

படத்தில் வரும் கடற்படைத் தீவும் முழுக்கக் கற்பனையல்ல. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியெகெஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை பல்லாண்டுகள் குண்டுவீச்சுப் பயிற்சி நடத்தியது. 1999-இல் குறி தவறிய குண்டு ஒரு காவலாளியின் உயிரைப் பறித்த பிறகு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2003-இல் பயிற்சி நிறுத்தப்பட்டது.

தொலைக்காட்சியில் வேலை செய்பவள் என்ற முறையில் இந்தப் படத்தை என்னால் சிரித்துவிட்டு மறக்க முடியவில்லை. ஒளிப்பதிவுக்குச் சற்று முன், ‘இந்தக் கேள்வி மட்டும் வேண்டாமே, ஆதரவாளர் வருத்தப்படுவார்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். தகவல் துறை டிப்ளோமாவுக்குப் படித்தபோது இதற்கென்று தனிப் பாடம் இருந்ததில்லை.

படம் வசூலில் வெற்றி பெறவில்லை. கதை ஆங்காங்கே தள்ளாடுவதும் உண்மை. என்றாலும், நாளிதழைப் பணம் கொடுத்து வாங்கிப் படிக்கும் உங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வாசகர் கொடுக்கும் காசு குறையக் குறைய, ஏடு விளம்பரதாரரின் முகத்தைப் பார்க்க வேண்டி வருகிறது. ஒரு திட்டத்தை ஆகா, ஓகோ என்று புகழும் செய்தியைப் படித்தால், இதனால் யாருக்கு இலாபம் என்று கேளுங்கள். அந்த இடத்தில் வாழும் மக்களின் குரல் செய்தியில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் எங்களைப் போன்றவர்கள் மேலதிகாரிகளிடம் வாதாட முடியும்.